கந்தோரும் வீடும்

(இரத்மலானையில் நடைபெற்ற வாலிபர் கூட்டமொன்றில் பல்கலைக்கழக மாணவன் ஒருவன் நிகழ்த்திய சொற்பொழிவு)





"உத்தியோகம் புருஷ லட்சணம்" என்ற பழமொழியைக் கேளாது வளர்ந்த தமிழ்ப் பிள்ளை கொழும்பில் இல்லை எனலாம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இந்த இரத்மலானையிலும் நம்மவர் பலர் வந்து குடியேறியது உத்தியோகத்தின் பொருட்டேயாகும். உத்தியோகம் வீட்டைத் தாங்குவதற்கென்று நாம் நாட்டிய தூண். அந்தத் தூணே வீட்டின் இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டால் மனிதர் எங்கே இருப்பது? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம் இதுவே. நிறுவனங்களில் ஊழியம் புரிவோர் தம் தொழிலையும் தம் வாழ்வையும் சமனாக நடத்துவது எவ்வாறு? அதற்கு நிறுவனங்கள் செய்யவேண்டியது யாது? நாம் செய்யவேண்டியது யாது?

நான் இன்னும் எந்தக் கந்தோரின் வரவு இடாப்பிலும் கையொப்பம் இடாத மாணவன். அனுபவசாலிகள் நிறைந்த இச்சபையில் இதைப் பற்றிப் பேச இவனுக்கென்ன தகுதி என்று சிலர் எண்ணக்கூடும். இன்னும் இரண்டொரு ஆண்டுகளில் நானும் இங்கே அமர்ந்திருக்கும் என் தோழர் பலரும் அந்த இடாப்பில் கையொப்பமிடப் போகிறோம். கிணற்றில் இறங்கப் போகிறவன் அதன் ஆழத்தை விசாரிப்பது குற்றமாகாது. நான் சொல்லப்போவதன் சாரம் ஒன்றே. வேலை தொடங்கும் நேரம் என்று ஒன்று இருப்பதுபோல, வேலை முடியும் நேரம் என்றும் ஒன்று இருக்கவேண்டும். அது சட்டப் புத்தகத்தில் இருந்தாற் போதாது; நடைமுறையிலும் இருக்கவேண்டும்.

மணியோடர்த் தகப்பன்மார்

முதலில் நம் பாட்டன்மார் காலத்தைச் சிறிது நினைத்துப் பார்ப்போம். ஆங்கிலேயர் ஆட்சியில் மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர்கள் இலிகிதர்களாயும் கணக்காளர்களாயும் புகையிரத நிலைய அதிபர்களாயும் கொழும்புக்கும் மலாயாவுக்கும் சென்றார்கள். கொழும்புக்கு வந்தவர்களிற் பலர் வெள்ளவத்தை போன்ற இடங்களிற் "சமறி" அமைத்து, பலராய்க் கூடி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரே அடுப்பிற் சமைத்து உண்டு வாழ்ந்தார்கள். மனைவியும் மக்களும் ஊரில் இருந்தார்கள். மாதந்தோறும் தபாற் கந்தோர் வழியாகப் பணம் ஊருக்குப் போயிற்று. யாழ்ப்பாணத்து வாழ்வை "மணியோடர்ப் பொருளாதாரம்" என்று அறிஞர்கள் அழைத்தமை இதனாலேயே. 1956 ஏப்பிரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின் போக்குவரவு எளிதாயிற்று. ஆயினும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம் தூரந்தானே! தகப்பன் என்பவர் நீண்ட விடுமுறைக்கு வந்து போகும் விருந்தாளியாகவே பல பிள்ளைகளுக்குத் தோன்றினார்.

அந்தப் பெரியவர்களைக் குறைகூற நான் இங்கே நிற்கவில்லை. அவர்கள் அனுப்பிய காசிலே சகோதரிகள் கரையேறினர்; தம்பிமார் படித்தனர்; கோயில்களும் பாடசாலைகளும் எழுந்தன. ஆனால் அதற்காக அந்த வீடுகள் கொடுத்த விலை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பதியப்படவில்லை. பிள்ளை நடை பழகியதைக் கடிதத்தில் வாசித்து அறிந்த தகப்பன்மார் எத்தனை பேர்! ஓய்வூதியம் பெற்று ஊர் திரும்பியபோது, வளர்ந்த மகனோடு என்ன பேசுவதென்று தெரியாது திண்ணையில் இருந்தவர்கள் எத்தனை பேர்!

இன்று அந்தத் தூரம் பலருக்கு இல்லை. கணவனும் மனைவியும் பிள்ளைகளும் வெள்ளவத்தையில் ஒரே மாடிவீட்டில் வாழ்கிறார்கள். ஆனால் பழைய மணியோடர்த் தகப்பன் வேறு உருவத்தில் திரும்பி வந்துவிட்டான். முன்னர் தூரம் பிரித்தது. இப்போது நேரம் பிரிக்கிறது. இம்முறை தகப்பனோடு தாயும் சேர்ந்துகொண்டாள்.

ஒரு நாளின் கணக்கு

என் தமக்கையார் ஒரு தனியார் கொம்பனியிற் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறார். கொம்பனியின் பெயர் வேண்டாம், அதுபோன்றவை பல. கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு வந்து, அங்கிருந்து 101 ஆம் இலக்க பஸ்சிற் காலி வீதி வழியாக இந்தப் பக்கம் வரவேண்டும். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. ஐந்து மணிக்கு வேலை முடியும் என்று நியமனக் கடிதம் சொல்லுகிறது. ஆனால் மனேஜர் எழும்பும்வரை ஒருவரும் எழும்புவதில்லை. செய்ய வேலை இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, முதலில் எழும்புகிறவர் சோம்பேறி என்று பெயரெடுப்பார். இரவு ஒன்பது மணிக்குமேல் வட்ஸ்அப்பில் நாளைய அறிக்கை பற்றிய செய்தி வரும். அவருடைய நான்கு வயதுக் குழந்தை அந்தக் கைத்தொலைபேசிக்கு வைத்திருக்கும் பெயர் "கந்தோர்". "அம்மா, கந்தோர் அடிக்குது" என்று ஓடிவந்து அதைக் கொடுக்கும். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். தமக்கையார் மாத்திரம் சிரிக்கவில்லை.

இப்பொழுது ஒரு சிறு கணக்குப் போடுவோம். வேலை 8 மணி, உணவு இடைவேளை 1 மணி, பிரயாணம் 3 மணி, ஆக 12. நித்திரைக்கு 7 மணி கொடுத்தால் 19. மிஞ்சுவது 5 மணி. அதிற் சமையல், குளிப்பு, துவைப்பு, வீட்டுக் கருமங்கள் என்று 3 மணி போய்விடும். பிள்ளையோடு பேச, பெற்றோரை விசாரிக்க, ஒரு புத்தகம் படிக்க, கோயிலுக்குப் போக, இப்படியொரு கூட்டத்துக்கு வர எஞ்சியிருப்பது 2 மணி. மனேஜர் வேண்டுவதும் "இன்னுமோர் இரண்டு மணி" தான். இருபத்துநான்கில் இரண்டு சிறு பங்கு என்று அவர் நினைக்கிறார். ஊழியருக்கோ அந்த இரண்டே வாழ்வு முழுவதும். வேலைநேரத்தைப் பற்றிய விவாதங்களில் இந்தக் கணக்கை ஒருவரும் போட்டுப் பார்ப்பதில்லை. அதனாலேதான் கேட்கிறவருக்கு அது அற்பமாயும் கொடுக்கிறவருக்கு அது பெரிதாயும் இருக்கிறது.

ஓய்வு வந்த வரலாறு

ஓய்வு என்பது முதலாளிமார் மனமிரங்கித் தந்த வரமன்று. நாளுக்கு 8 மணி வேலை, 8 மணி பொழுது, 8 மணி நித்திரை என்ற பிரிவை இங்கிலாந்தில் றொபேட் ஓவன் 1817 இல் எடுத்துரைத்தார். சர்வதேசத் தொழில் நிறுவனம் 1919 இல் தோன்றியபோது அது நிறைவேற்றிய முதலாவது உடன்படிக்கையே கைத்தொழில்களில் நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 48 மணி என்னும் வேலைநேர எல்லையைப் பற்றியது. அவ்விரண்டுக்கும் இடையில் நூறாண்டு ஓடிவிட்டது.

நமது தமிழுலகிலும் இவ்வரலாறு உண்டு. 1918 இற் சென்னைத் தொழிலாளர் சங்கம் பி. பி. வாடியாவின் தலைமையில் அமைந்தது, திரு. வி. கலியாணசுந்தர முதலியாரும் அதில் முன்னின்று உழைத்தார். பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர் அப்போது முறையிட்ட குறைகளில், மத்தியானச் சாப்பாட்டுக்கு விடும் இடைவேளை போதாது என்பதும் ஒன்று. எண்ணிப் பாருங்கள்! ஆறுதலாக அமர்ந்து ஒரு பிடி சோறு உண்பதற்கு வேண்டிய நிமிடங்களுக்காகவும் ஒரு சங்கம் பிறக்கவேண்டியிருந்தது. 1923 மே 1 ஆம் நாள் சென்னையிற் சிங்காரவேலர் இந்தியாவின் முதலாவது மே தினத்தைக் கொண்டாடினார்.

நமது வெள்ளவத்தைக்கே வருவோம். இன்று ஹவ்லொக் வீதியில் உயர்ந்த மாடிவீடுகள் நிற்கும் நிலத்தில் முன்னர் வெள்ளவத்தை நூல் நெசவு ஆலை இருந்தது. 1933 இல் அங்கே பெரிய வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர்கள் தொழிலாளருக்குத் துணைநின்றனர். அவர்கள் வாலிபர் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் என்பதை ஒரு வாலிபர் கூட்டத்தில் நினைவூட்டுவது பொருத்தமென்று கருதுகிறேன். அந்நாள் வாலிபர்கள் மேடையிற் பேசியதோடு நின்றுவிடவில்லை.

பின்னர் 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வந்தது. நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணிக்கு மேல் சாதாரண வேலைநேரம் இருக்கலாகாது. மேலதிக வேலை கிழமைக்கு 12 மணியைத் தாண்டலாகாது. கிழமைக்கு ஒன்றரை நாள் சம்பளத்துடன் விடுமுறை. ஆண்டுக்கு 14 நாள் லீவு. இவையெல்லாம் அச்சட்டத்தின் பேறுகள். நம்மவரிற் பலர் இச்சட்டத்தின்கீழ் வேலை செய்கிறார்கள்; சிலர் இச்சட்டத்தின்கீழ் வேலை வாங்குகிறார்கள். ஆனால் அதை வாசித்தவர் இரு சாராரிலும் மிகச் சிலரே.

ஓய்வுநாள் எதுவென்பதையும் மனிதரே கூடித் தீர்மானிக்கிறார்கள் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு விநோதமான சான்று உண்டு. நான் படித்தது ஒரு கிறிஸ்தவ மிஷன் பாடசாலையில். அங்கே ஞாயிறு ஓய்வுநாள் என்பது உலகம் உண்டான நாள் முதலாய் உள்ள ஏற்பாடு என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன். பின்னர் சரித்திரம் படித்தபோதுதான் தெரிந்தது, 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிறு வார விடுமுறையாக இருக்கவில்லை என்பது. சந்திரனின் நான்கு நிலைகளையும் ஒட்டிய போயா நாள்களே அக்காலத்தில் வார விடுமுறையாயிருந்தன. பிறையின் கணக்கு ஏழு நாளுக்குள் ஒழுங்காக அடங்காது. ஆகவே ஒரு கிழமையில் வேலைநாள்கள் கூடும். மறு கிழமையிற் குறையும். வெளிநாட்டு வணிகமும் அதனால் இடர்ப்பட்டது. 1971 இல் மீண்டும் சனி, ஞாயிறு வந்தன. பூரணைப் போயா பொது விடுமுறையாக நிலைத்தது. அண்மையில் 2022 யூனில் எரிபொருள் தட்டுப்பாடு மிக்கபோது, அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமையையும் விடுமுறையாக்க அரசாங்கம் முடிவு செய்தது. நாடு விரும்பினால், அல்லது நெருக்கடி விரும்பினால், மாற்றக்கூடியதுதான் வேலைநேரம். மாற்றவே முடியாது என்று சொல்பவர்கள் இந்த வரலாற்றை மறந்துவிட்டார்கள்.

எதிர்வாதம்

இங்கே ஒரு தடை எழும். "ஏழை நாட்டுக்கு ஓய்வு ஏன்? உழைத்தால்தானே முன்னேறலாம்" என்பர். இது அலட்சியம் செய்யத்தக்க வாதமன்று. இன்போசிஸ் நிறுவனத்தை நிறுவியோருள் ஒருவரான நாராயண மூர்த்தி, இந்திய இளைஞர் கிழமைக்கு 70 மணி உழைக்கவேண்டும் என்று 2023 இற் சொன்னார். 2025 ஜனவரியில் லார்சன் அன்ட் டூப்ரோவின் தலைவர் எஸ். என். சுப்ரமணியன் 90 மணிவரை போனார். ஞாயிற்றுக்கிழமையில் வீட்டிலிருந்து மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது என்றும் கேட்டார். அவ்வளவு உழைத்து உயர்ந்தவர்கள் அவர்கள். அவர்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் சொந்தத் தோட்டத்துக்கு நீர் இறைப்பவனும் பிறன் தோட்டத்துக்குக் கூலிக்கு இறைப்பவனும் ஒரே களைப்பைக் களைப்பதில்லை.

இது மனத்தைப் பற்றிய பேச்சு மாத்திரமன்று. உடம்பைப் பற்றியதும் ஆகும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் நிறுவனமும் சேர்ந்து 2021 இல் வெளியிட்ட ஆய்வின்படி, கிழமைக்கு 55 மணியோ அதற்கு மேலோ உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி உழைப்போரைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 வீதம் அதிகம். இருதய நோயால் இறக்கும் ஆபத்து 17 வீதம் அதிகம். நீண்ட வேலைநேரத்தால் 2016 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 745,000 பேர் இந்நோய்களால் மாண்டனர் என்று அவ்வாய்வு மதிப்பிட்டது.

"சரி, உடம்பு கெட்டாலும் உற்பத்தி கூடுமே" என்று கேட்கலாம். அதுவும் கூடுவதில்லை. முதலாம் உலக யுத்தக் காலத்தில் இங்கிலாந்தின் வெடிமருந்து, ஆயுதத் தொழிற்சாலைகளில் ஞாயிறும் இரவும் பாராது வேலை வாங்கினார்கள். 1915 இல் அமைக்கப்பட்ட குழுவொன்று அத்தொழிலாளரின் நலத்தை ஆராய்ந்து, ஞாயிற்றுக்கிழமை வேலையை நிறுத்துமாறு பரிந்துரைத்தது. அக்காலக் கணக்குகளை ஜோன் பென்காவெல் என்னும் பொருளியல் அறிஞர் 2014 இல் மறுபடி ஆராய்ந்தார். கிழமைக்கு 70 மணி உழைத்தோரின் உற்பத்திக்கும் 56 மணி உழைத்தோரின் உற்பத்திக்கும் அதிக வித்தியாசமில்லை என்று கண்டார். அந்த 14 மணியும் காற்றிற் போயிற்று! யுத்தம் நடக்கும் நாட்டிலேயே இப்படியென்றால் கணக்குப் புத்தகம் எழுதும் கந்தோரைப் பற்றிச் சொல்லவேண்டுமா? அண்மைக்காலத்தில், 2022 யூன் முதல் டிசம்பர் வரை பிரித்தானியாவில் 61 நிறுவனங்கள், ஏறத்தாழ 2,900 ஊழியருக்குச் சம்பளம் குறைக்காது வேலைநேரத்தைக் குறைத்துப் பரீட்சித்தன. பரீட்சை முடிந்தபின் 56 நிறுவனங்கள் அம்முறையைத் தொடர்ந்தன. அவை தாமாக விரும்பி முன்வந்த நிறுவனங்கள் என்பதை மறக்கலாகாது. எல்லாத் தொழிலுக்கும் அது பொருந்துமென்று நான் வாதாடவில்லை. ஆனால் மணி கூடினாற் பயனும் கூடும் என்ற நம்பிக்கை மூடநம்பிக்கை என்பதற்கு இவை போதும்.

வேறொரு தடை ஏழையிடமிருந்து வரும். அதற்கு மறுமொழி சொல்வது கடினம். இந்த இரத்மலானையின் ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன் இருக்கும் ஒரு பெண்ணிடம், "தங்கச்சி, மேலதிக வேலை செய்யாதே, ஓய்வெடு" என்று நாம் உபதேசித்தால், "ஓவர்ரைம் காசு இல்லாவிட்டால் அறை வாடகையை யார் தருவது?" என்று அவள் திருப்பிக் கேட்பாள். அவள் கேட்பது நியாயம். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை வகுத்த சட்டம் 2016 இல் வந்தபோது தொகை 10,000 ரூபா. 2025 இல் அது 27,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வாடகையும் அரிசியும் பஸ் கட்டணமும் விற்கும் விலையில் அத்தொகையைக்கொண்டு எட்டு மணி நேர வேலையோடு ஒருவர் நிறுத்திக்கொள்ள இயலுமா? எட்டு மணி வேலைக்கு எட்டு மணி வாழ்வைத் தாங்கும் கூலி இல்லையேல், ஓய்வைப் பற்றிய பேச்செல்லாம் வயிறு நிறைந்தோர் பேச்சாகவே முடியும். சம்பளமும் நேரமும் ஒரே தராசின் இரு தட்டுகள்.

நிறுவனங்கள் செய்யவேண்டியவை

இனி, நிறுவனங்கள் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்லுகிறேன். இவற்றிற் பெரும்பாலானவைக்குப் பெருஞ்செலவு இல்லை.

முதலாவது, மேலதிகாரி நேரத்துக்கு எழும்பவேண்டும். மனேஜர் ஐந்து மணிக்குக் கதிரையைத் தள்ளிவைத்து எழுந்தால், ஐம்பது பேருடைய மாலைப்பொழுது அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும். சுற்றறிக்கை பத்து அனுப்புவதைவிட இது பலன் தரும்.

இரண்டாவது, ஒவ்வொரு வேலையையும் இரண்டு பேராவது அறிந்திருக்கவேண்டும். லீவு இருந்தும் எடுக்கமுடியாமைக்குப் பெருங்காரணம், "அவர் இல்லாவிட்டால் அந்த வேலை நின்றுவிடும்" என்பதே. ஒருவர் இல்லாவிட்டால் நின்றுபோகும் வேலை, அவருக்குப் பெருமை தருவதுபோற் தோன்றும்; உண்மையில் அது நிறுவனத்தின் பலவீனம். பதினான்கு நாள் லீவையும் ஊழியர் எடுத்தாரா என்பதை, கொடுத்தாரா என்று மனேஜரிடமே கேட்கும் வழக்கம் வரவேண்டும்.

மூன்றாவது, தொலைபேசிக்கும் கதவு வேண்டும். பிரான்சில் 2017 ஜனவரி முதல், 50 பேருக்கு மேற்பட்ட ஊழியரைக் கொண்ட நிறுவனங்கள், வேலைநேரத்துக்குப் பின் செய்திகளிலிருந்து விலகியிருக்கும் உரிமை பற்றி ஊழியரோடு பேசி ஒழுங்குசெய்ய வேண்டும் என்று சட்டம் விதித்தது. அச்சட்டம் இங்கே வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. "இரவு ஏழு மணிக்குப் பின் அனுப்பும் செய்திக்குக் காலையில் மறுமொழி தந்தாற் போதும்" என்று ஒரு வரி எழுதுவதற்கு எந்த முதலாளிக்கும் சட்டம் வேண்டாம்.

நான்காவது, எல்லாரும் ஒரே நேரத்திற் காலி வீதியில் இறங்கவேண்டியதில்லை. 2018 இற் பத்தரமுல்லை அரச அலுவலகங்களில் வேலைநேரத்தை நெகிழ்த்திப் பார்த்தார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, "வீட்டிலிருந்து செய்ய முடியாது" என்று சொல்லப்பட்ட பல வேலைகள் வீட்டிலிருந்தே நடந்தன. கிழமையில் ஒரு நாள் வீட்டிலிருந்து செய்ய விட்டால், என் தமக்கையாருக்கு அந்த ஒரு நாளில் மூன்று மணி மிஞ்சும். ஆயினும் எச்சரிக்கை! வீடு கந்தோராக மாறிவிட்டால், முடியும் நேரம் இன்னும் கண்டிப்பாக இருக்கவேண்டும்.

ஐந்தாவது, பிள்ளை பெற்றவர்களைத் தண்டிக்கலாகாது. முன்னர் மூன்றாம் பிள்ளைக்கு 42 நாளாக இருந்த பிரசவ லீவு, 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் எல்லாப் பிரசவத்துக்கும் 84 நாளாயிற்று. நல்லது. ஆனால் 1954 ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியோர் தகப்பனுக்கென்று ஒரு நாளையேனும் வகுக்கவில்லை. பிள்ளை பிறந்த வீட்டில் தகப்பனுக்கு வேலை இல்லை என்று எண்ணினார்கள் போலும்! நம் நாட்டில் தொழில் செய்யும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் இருக்கிறார்கள். படித்த பெண்கள் பிள்ளை பிறந்தவுடன் வேலையை விட்டுவிடுவதை நாம் எல்லாரும் நம் உறவினர் வீடுகளிலேயே காண்கிறோம். நாலைந்து கொம்பனிகள் கூடி ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்தினால் அவர்களிற் சிலரேனும் திரும்பி வருவர்.

நம்மவர் கடைகள்

இதுவரை பிறரைச் சொன்னேன். இனி நம்மைச் சொல்லவேண்டும்.

வெள்ளவத்தையிற் காலி வீதியின் இருமருங்கும் உள்ள புடைவைக் கடைகள், நகைக் கடைகள், சைவ உணவுக் கடைகள் பலவும் நம்மவர் கடைகள். புறக்கோட்டை, கொட்டாஞ்சேனையிலும் அப்படியே. அங்கே வேலை செய்யும் பையன்களிலும் பெண்களிலும் பலர் மலையகத்திலிருந்து வந்தவர்கள். கடைக்கு மேலேயே படுத்துறங்கி, கடை திறக்குமுன் எழுந்து, கடை பூட்டியபின் கூட்டிக் கழுவும் பிள்ளைகளும் உளர். அவர்களுக்கும் 1954 ஆம் ஆண்டுச் சட்டந்தான். எட்டு மணியும் ஒன்றரை நாளும் அவர்களுக்குக் கிடைக்கின்றனவா என்று நாம் ஒருநாளாவது கேட்டதுண்டா?

தமிழ்நாட்டிற் புடைவைக் கடைகளில் நாள் முழுவதும் நின்றே வேலை செய்யும் பெண்களுக்கு இருக்கை கொடுக்கவேண்டும் என்று 2021 இற் சட்டம் திருத்தப்பட்டது. கேரளம் அதற்கு முன்னரே 2018 இற் செய்தது. அமர்வதற்கு ஒரு கதிரை கொடுக்கவும் சட்டசபை கூடவேண்டியிருந்தது! நம்மவர் கடைகளில் ஒரு கதிரை போடச் சட்டசபை கூடும்வரை காத்திருக்கப் போகிறோமா?

தீபாவளியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல்நாள் இரவு பத்து மணிக்கும் புடைவை எடுக்கிறோம். "இன்னுமொன்று காட்டு" என்று மலைபோற் குவிக்கிறோம். நமக்குப் புடைவை காட்டிய அந்தப் பிள்ளையின் தாய் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ எண்ணெயும் கையுமாகக் காத்திருக்கிறாள். கடைசி பஸ் போய்விட்டது. விடிந்து போய்ச் சேரும்போது தீபாவளி பாதி முடிந்துவிடும். நமது தீபாவளிக்காக அந்த வீட்டின் தீபாவளியை நாம் எடுத்துக்கொள்கிறோம். முதலாளி மாத்திரமா இதற்குப் பொறுப்பு? இரவு பத்து மணிக்கு வாங்க ஆள் இல்லையென்றால் கடை ஏன் திறந்திருக்கும்?

வீட்டுக்குள்ளும் ஒரு தராசு

கந்தோரைத் திருத்தியதும் வீடு தானாகத் திருந்திவிடாது. உலகில் கூலியின்றிச் செய்யப்படும் வீட்டு வேலை, பராமரிப்பு வேலையின் நேரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கைப் பெண்களே செய்கிறார்கள் என்று சர்வதேசத் தொழில் நிறுவனம் 2018 இல் எழுதிற்று. நம் வீடுகளுக்கும் இது பொருந்தும் என்பதைச் சொல்ல ஆய்வு வேண்டியதில்லை. குசினியை எட்டிப் பார்த்தாற் போதும். ஐந்து மணிக்கு விடப்பட்ட ஆண் சாய்மனைக் கதிரைக்கும், ஐந்து மணிக்கு விடப்பட்ட பெண் அடுப்படிக்கும் போனால், கந்தோர் கொடுத்த ஓய்வை ஒருவரே அனுபவித்தார் என்பது பொருள். தோழர்களே, சமறியில் வாழ்ந்த நம் பாட்டன்மார் தம் கையாற் சமைத்து உண்டார்கள். ஆண்பிள்ளைக்குச் சமைக்க வராது என்ற சாட்டு நமக்கு இல்லை.

திருவள்ளுவர் இடைவிடா முயற்சியைப் போற்றி "ஆள்வினையுடைமை" என்று ஒரு முழு அதிகாரம் பாடினார். அது அறுபத்திரண்டாவது. "இல்வாழ்க்கை" என்னும் அதிகாரமோ ஐந்தாவது. முயற்சியைக் குறைத்து மதிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. வீட்டைக் கட்டி நிறுத்தியபின்னரே வினையைப் பற்றிப் பேசினார் என்பது நாம் எண்ணத்தக்கது.

செய்யத்தக்க மூன்று

பேச்சோடு நின்றால் இதுவும் ஓர் ஓவர்ரைம் ஆகிவிடும். ஆகவே வாலிபர்களாகிய நாம் செய்யக்கூடிய மூன்றைச் சொல்லி அமர்கிறேன். ஒன்று, கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் முக்கிய ஏற்பாடுகளை எளிய தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, இரத்மலானைக் கடைகளிலும் விடுதிகளிலும் கொடுப்போம். சட்டம் அறிந்த பெரியவர்களை அழைத்து வகுப்பும் நடத்துவோம். இரண்டு, வரும் தீபாவளிக்கு வேண்டியதை ஒரு கிழமைக்கு முன்னரே வாங்கிவிடுவோம் என்று நம் வீடுகளில் உறுதி எடுப்போம். முதல்நாள் மத்தியானத்தோடு கடை பூட்டி ஊழியரை ஊருக்கு அனுப்புமாறு நம் வணிகப் பெருமக்களை நேரிற் போய்க் கேட்போம். மூன்று, நாளை நாம் மனேஜர்களாகும்போது நேரத்துக்கு எழும்புவோம்.

மூன்றாவதுதான் கடினம் என்று பெரியவர்கள் சிரிக்கிறீர்கள். பதவி வந்தாற் புத்தி மாறும் என்பதை நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆகையாற்றான் இத்தனை சாட்சிகள் முன் இன்றே சொல்லிவைக்கிறேன். இன்னும் பதினைந்து வருடம் கழித்து, மாலை ஏழு மணிக்கு என் கந்தோரில் விளக்கு எரிந்தால், உங்களில் யாராவது வந்து இந்த மலரின் இந்தப் பக்கத்தை என் மேசைமேல் விரித்து வையுங்கள்.

நேரமாயிற்று, வீட்டில் உங்களை எதிர்பார்த்திருப்பார்கள்.